எம்ஜிபியில் வெடிச்சத்தம்: ஏர் பம்ப்பைச் சரிசெய்வதா, கழற்றிப் போடுவதா?

கீழக்கரையில் நண்பர் ஒருவரிடம் 1973 எம்ஜிபி இருக்கிறது, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அமெரிக்காவுக்கென்று தயாரான வண்டி, அதனால் இஞ்சினைச் சுற்றி ஏர் பம்ப், கல்ப் வால்வு, செக் வால்வு, கரி டப்பா என்று புகைக்கட்டுப்பாட்டுச் சாமான்கள் அத்தனையும் உண்டு. பாம்பன் சாலைப் பாலத்தின் உச்சி தாண்டி இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் சைலன்சரில் டப் டப்பென்று வெடிக்கிறது. "மச்சான், அந்தப் பம்ப்பைக் கழட்டிப் போட்டா சத்தம் நின்னுடும்ல?" என்றார். நிற்கவும் வாய்ப்பு இருக்கிறது. ஆனாலும் சரிசெய்து வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் கட்சி.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கார்புரேட்டர் பக்கம் தும்மினால் பெட்ரோல் குறைவு, டைமிங் கோளாறு, மூடாத இன்டேக் வால்வு, இந்த வண்டியில் இருக்கும் எஸ்யு கார்புரேட்டரின் டாஷ்பாட்டில் (மேலே உள்ள எண்ணெய்க் குப்பியில்) எண்ணெய் இல்லாதது, இப்படி ஏதாவது ஒன்று. அதற்கும் ஏர் பம்ப்புக்கும் சம்பந்தம் இல்லை. காலை எடுக்கும்போது பின்பக்கம் வெடித்தால்தான் இந்தச் சாமான்கள் மேல் சந்தேகம் வரவேண்டும், அதுவும் உடனே இல்லை. நம்ம ஊர் உப்புக்காற்றில் சைலன்சர் இணைப்புகள் துருப்பிடித்து ஊசித்துளை விழும். அந்தத் துளை வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோலோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே வெடிக்கும். இஞ்சின் சூடாகும் முன் ஸ்டார்ட் செய்து, டெயில் பைப்பை ஈரத்துணியால் ஒரு நொடி அடைத்துப் பிடித்தால் எங்கே உஸ்ஸென்று கசிகிறது என்று காதில் கேட்டுவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டையும் எர்த் பட்டையையும் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் பம்ப் பக்கம் வாருங்கள்.

பம்ப் காற்றை நான்கு சிறு குழாய்கள் வழியாக சிலிண்டர் ஹெட்டின் எக்சாஸ்ட் வாயில்களுக்குத் தள்ளுகிறது, மிச்ச பெட்ரோல் ஆவி அங்கேயே எரிந்துபோவதற்காக. காலைச் சட்டென்று எடுக்கும்போது மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து இஞ்சினுக்குக் கலவை போகும் குழாயில்) உறிஞ்சும் வேகம் கூடி, சுவரில் படிந்திருந்த பெட்ரோலெல்லாம் ஒரேயடியாக உள்ளே போகும். கலவை எரிய முடியாத அளவுக்குத் தடித்துவிடும். அந்த நேரத்தில் மேனிஃபோல்டுக்குள் ஒரு மடக்கு காற்றை விட்டு அதை எரியவைப்பது கல்ப் வால்வின் வேலை. கல்ப் வால்வு செத்து, பம்ப் மட்டும் ஓடினால் வெடிக்கு வேண்டிய பெட்ரோலும் காற்றும் சைலன்சரிலேயே சந்திக்கின்றன.

சரிசெய்யும் வழியில் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கல்ப் வால்வுக்குப் போகும் காற்று ஹோஸைப் பம்ப் பக்கம் கழற்றி, இஞ்சின் ஐடிலில் ஓடும்போது அதன் வாயில் விரலை வையுங்கள். பதினைந்து விநாடி வரை உறிஞ்சக்கூடாது, உறிஞ்சினால் வால்வு ஒழுகுகிறது. ரேஸ் கொடுத்து விடும்போது ஹோஸ் விரலை லேசாக உறிஞ்சி இழுக்கவேண்டும், இழுக்காவிட்டால் வால்வு வேலை செய்யவில்லை. காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வைக் கழற்றி இரு பக்கமும் வாயால் ஊதுங்கள், பம்ப் பக்கத்திலிருந்து மட்டுமே காற்று போகவேண்டும் (கம்ப்ரசர் காற்றை அடித்தால் வால்வே கெட்டுவிடும்). பல நேரம் வெறும் ஹோஸ் வெடிப்புதான் குற்றவாளியாக இருக்கும். வால்வே போயிருந்தால் வெளிநாட்டில் எம்ஜி பாகம் விற்பவர்களிடம் வரவழைக்கவேண்டும். இந்த வழியில் உள்ள ஒரே தொல்லை அந்தக் காத்திருப்புதான்.

கழற்றும் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. பம்ப் காற்று இல்லையென்றால் சைலன்சரில் வெடிக்க ஆக்ஸிஜன் குறைவு, பராமரிக்கவேண்டிய சாமானும் குறைவு. ஆனால் பாதிக் கழற்றுதான் ஆபத்து. ஹெட்டில் உள்ள நான்கு துளைகளையும் யுஎன்எஃப் (அங்குலக் கணக்கு) மரையுள்ள ப்ளக் போட்டு அடைக்கவேண்டும், கையில் கிடைத்த மெட்ரிக் போல்ட்டைத் திணித்தால் ஹெட்டின் மரை போய்விடும். மேனிஃபோல்டில் கல்ப் வால்வு வாயையும் சிறு வேக்குவம் வாயையும் அடைக்காமல் விட்டால் அங்கேயே காற்று புகுந்து, இப்போது கார்புரேட்டர் பக்கம் தும்மத் தொடங்கும். கரி டப்பாவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். டேங்க் ஆவியைப் பிடித்து வைப்பதும், ராக்கர் கவருக்கு (இஞ்சினின் மேல் மூடிக்கு) சுத்தக் காற்று தருவதும் அதுதான், நம்ம வெயிலுக்கு அது ரொம்பவே அவசியம்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பம்ப் பெல்ட்டைக் கழற்றி, மேனிஃபோல்டில் அந்த இரண்டு வாய்களையும் தற்காலிகமாக அடைத்து ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். வெடி அப்படியே இருந்தால் கழற்றியும் பயனில்லை, துருவையும் டைமிங்கையும் தேடிப்போங்கள்.

மூன்றாவது யோசனை, இரட்டை எஸ்யு கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஒற்றை வெபர் கார்புரேட்டர் போடுவது. வேண்டாம். நன்றாக இருக்கும் எச்ஐஎஃப்4 (இந்த எஸ்யுவின் மாடல்) ஜோடியைத் தூக்கிப்போட்டால் துரு விழுந்த சைலன்சர் சரியாகிவிடாது.

புகைச் சான்றிதழையும் யோசியுங்கள். பழைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. பம்ப் ஓடினால் அது தள்ளும் காற்றே அளவைக் குறைத்துக் காட்டும். அதனால் கார்புரேட்டரை மீட்டர் வைத்து ட்யூன் செய்யும்போது பம்ப் காற்றை நிறுத்திவிடவேண்டும், இல்லாவிட்டால் கலவையைத் தப்பாகத் தடிக்கவைத்து வெடியை நாமே வரவழைப்போம். இருபது சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு இந்த வண்டியின் கலவை மெலிந்து நிற்கும். எச்ஐஎஃப்4-இன் மிக்ஸ்சர் ஸ்குரூவை இரண்டிலும் சமமாக, வலச்சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் தடிக்கவையுங்கள். அதோடு பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.