மூன்று பழைய தோல் பைகளும் ஆறு மழைக்காலங்களும்

என் பீரோவின் மேல்தட்டில் இப்போது மூன்று தோல் பைகள் இருக்கின்றன. மூன்றுமே வேறு யாரோ வாங்கி, அலுத்துப்போய்க் கைவிட்டவை. ஒன்று பழுப்பு நிற ஹைடிசைன் தோள்பை. அலுவலகத்தில் கூட வேலை பார்த்த மேடம் ஓய்வு பெற்றபோது, "நீ வச்சுக்கோம்மா, எனக்குத் தோள் வலிக்குது" என்று கொடுத்துவிட்டுப் போனார். இன்னொன்று கோச் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கறுப்புப் பை. நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா அங்கே பழைய சாமான் கடை ஒன்றில் 12 டாலருக்கு எடுத்து, 2019இல் ஊருக்கு வந்தபோது பெட்டிக்குள் அமுக்கிக் கொண்டுவந்தாள். மூன்றாவது நானே ஆசைப்பட்டு ஆன்லைனில் வாங்கிய சிவப்புப் பை. அது கொஞ்சம் எரிச்சலான கதை, அப்புறம் சொல்கிறேன்.

பழைய பையைப் புதிதாக்கும் வீடியோக்கள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. சோப்பு, கிரீம், பளபளப்பு, சுபம். அந்தப் பை அடுத்த வருடம் எப்படி இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. நான் எழுதப்போவது அந்த அடுத்த வருடத்தையும் அதற்கடுத்த வருடங்களையும் பற்றித்தான். என் வீடு சென்னை மடிப்பாக்கத்தில். ஐப்பசி பிறந்தால் சுவரே வியர்க்கும் பகுதி. இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். பெங்களூரிலோ கோவையிலோ இருப்பவர்களுக்கு இதில் பாதித் தொல்லை இருக்காது.

முதலில் ஹைடிசைன். புதுச்சேரியில் 1978இல் திலீப் கபூர் தொடங்கிய கம்பெனி. மரப்பட்டை, காய் போன்றவற்றின் துவர்ப்பில் பதனிட்ட தோலும் பித்தளை பக்கிளும்தான் அவர்களுடைய அடையாளம். இந்த முறை நம் ஊருக்குப் புதிதல்ல. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்த தோல் மதராஸிலிருந்து கப்பலேறிய காலம் ஒன்று உண்டு. ஈஸ்ட் இந்தியா லெதர் என்ற பெயரில் இன்றும் அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அப்புறம் தோல் பதனிடக் குரோம் உப்பு வந்தது. அதன் நினைவாகத்தான் குரோம்பேட்டைக்கே பெயர். அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. இந்த ஊர்க்கதையை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பட்டையில் பதனிட்டதா, குரோமில் பதனிட்டதா, மேலே வண்ணப்பூச்சு இருக்கிறதா என்று தெரியாமல் பையில் கை வைத்தால் என்னைப் போலத்தான் ஆகும்.

நான் செய்தது என்ன? அம்மா சொன்னபடி தேங்காய் எண்ணெய் தடவினேன். "செருப்புக்கு அப்படித்தானே போடுவோம்" என்றார். காய்ந்து வெளிறிப் போயிருந்த தோல் எண்ணெயை அப்படியே குடித்துவிட்டது. அன்று மாலை பார்க்க அருமையாக இருந்தது. மறுநாள் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது. இரண்டு வாரம் கழித்து, இளம் பச்சைப் புடவையின் இடுப்பில் எண்ணெய்க் கறை. டிசம்பர் இறுதியில் பையின் மேல் வெள்ளையாக மாவு பூத்தாற்போல ஒரு படலம். பூஞ்சை பிடித்துவிட்டது என்று பதறினேன்.

அது பூஞ்சை இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழி இரவில் பாட்டிலில் உறைவது தோலிலும் உறையும். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து லேசான சூடு காட்டினேன், படலம் உருகி மறைந்துவிட்டது. பூஞ்சையாக இருந்தால் சூட்டுக்கு மறையாது, கிளறினால் ஊசல் வாடையும் வரும். இந்த ஒரு சோதனை தெரிந்ததில் எனக்குப் பல இரவுகளின் தூக்கம் மிஞ்சியது.

எண்ணெயை எடுக்கச் சோள மாவு தூவி வைக்கச் சொல்வார்கள். தூவி வைத்தேன். காலையில் எறும்பு வரிசை பைக்குள் குடித்தனமே தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு முல்தானி மட்டிக்கு மாறினேன். காய்ந்த பொடியாகத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் மிருதுவான பிரஷால் தட்டிவிட வேண்டும். தண்ணீரில் குழைத்துப் பூசிவிடாதீர்கள், முகத்துக்குத்தான் அது. நான்கு முறை செய்தபின் புடவையில் ஒட்டுவது நின்றது. கறுத்த நிறம் மட்டும் திரும்பவே இல்லை. ஆறு வருடமாக அந்தப் பை பாலில்லாத காபி நிறத்தில்தான் இருக்கிறது, பரவாயில்லை, பழகிவிட்டது.

அதே பையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஈரக் குடையோடு ஒரு ஊக்கையும் உள்ளே போட்டு மறந்துவிட்டேன். ஊக்கு கிடந்த இடத்தில் மை கொட்டியது போலக் கறுப்புத் தடம். கொட்டியது உண்மையிலேயே ஒருவகை மைதான். கடுக்காய்ச் சாற்றில் இரும்பைப் போட்டு மை காய்ச்சுவார்களே, அதே சங்கதி. தோலில் ஊறிய துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுக்கும். எலுமிச்சைச் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பட்ஸில் தொட்டு ஒற்றியெடுத்ததில் சாம்பல் நிறம் வரை இறங்கியது. அதோடு விட்டுவிட்டேன்.

கோச் வேறு ரகம். 1941இல் மன்ஹாட்டனில் சின்னப் பட்டறையாகத் தொடங்கிய கம்பெனி அது. பேஸ்பால் கையுறை தேயத் தேய மிருதுவாவதைப் பார்த்துத்தான் அதை நடத்திய மைல்ஸ் கான் அந்த மாதிரித் தோலில் பை செய்தார் என்பார்கள். 1962இல் வந்து சேர்ந்த வடிவமைப்பாளர் பானி காஷின், தன் காரின் மடக்குக் கூரையில் இருந்த கொக்கியைப் பார்த்துத் திருகுப் பூட்டைப் பையில் வைத்தார். என்னுடையதும் அந்தப் பூட்டு வைத்த பைதான். உள்ளே தைத்திருக்கும் தோல் துண்டில் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 9870. அதாவது கோர்ட் பேக் என்ற மாடல்.

அக்கா கொண்டுவந்தபோது அது பை மாதிரியே இல்லை. மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி போல விறைப்பாக, நிலவறை வாடையோடு இருந்தது. அமெரிக்காவில் இந்தப் பழைய கோச் பைகளை நேசிப்பவர்கள் ஒரு வேலை செய்கிறார்கள்: பையை முழுசாகத் தண்ணீரில் முக்குகிறார்கள். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் காரணம் புரிந்ததும் துணிச்சல் வந்தது. உள்ளே லைனிங் துணி கிடையாது, அட்டை கிடையாது, தோலின் சொரசொரப்பான பின்பக்கம் அப்படியே தெரியும். நனைந்தால் பிரிந்து வர எதுவும் இல்லை.

மே மாதம் வரை காத்திருந்தேன், மழைக்காலத்தில் இதைச் செய்தால் காய்வதற்குள் பூஞ்சை முளைத்துவிடும். கைச்சூட்டுத் தண்ணீர், இரண்டு சொட்டு பேபி ஷாம்பு. தோல் இயல்பில் கொஞ்சம் அமிலம், கட்டிச் சோப்பு காரம். அதனால் துணி சோப்பு பக்கமே போகவில்லை. பத்து நிமிடத்தில் தண்ணீர் கட்டங்காபி நிறத்துக்கு வந்தது. மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். பிறகு பழைய துண்டுகளை உள்ளே திணித்து உருவம் கொடுத்து, ஃபேனுக்கு அடியில் வைத்தேன். வெயிலில் வைக்கத் தோன்றும். அக்னி நட்சத்திர வெயில் வாசலில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். வைக்காதீர்கள். வேகமாகக் காய்ந்தால் தோல் சுருங்கி வெடிக்கும். நான்கு நாள் ஆனது. முழுசாகக் காய்வதற்குச் சற்று முன்பு, தொட்டால் குளிர்ச்சி தெரியும் பதத்தில், முதல் பூச்சு கண்டிஷனர், தலைக்குப் போடுவது அல்ல, தோலைப் பதமாக வைக்கும் பூச்சு. ஒரு நாள் விட்டு இரண்டாவது. பனியன் துணியால் தேய்த்தபோது உள்ளிருந்து ஒரு மங்கிய மினுமினுப்பு வந்தது பாருங்கள், அக்காவுக்கு உடனே வீடியோ கால் போட்டேன். அங்கே அதிகாலை மூன்று மணி. திட்டினாள்.

பூட்டு கறுத்துப் போயிருந்தது. பித்தளை என்றால் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? புளிதான். ஆனால் குத்துவிளக்கு மாதிரி அள்ளித் தேய்க்க முடியாது, புளி தோலில் பட்டால் கறை. பூட்டின் அளவுக்குப் பிளாஸ்டிக் தாளில் ஓட்டை வெட்டி மாட்டி, பட்ஸில் தொட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்தேன். மேலே முலாம் மட்டும் உள்ள கொக்கிகளில் இதைச் செய்தால் முலாம் போய்விடும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு என்று புரிந்துகொண்டு விட்டுவிடுவது நல்லது.

கண்டிஷனர் எது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் வைத்திருப்பது பிக் 4. நிறத்தைக் கறுக்க வைப்பதில்லை, வாடை குறைவு, சின்ன பாட்டிலே வருடக்கணக்காக வருகிறது. வருவதற்குக் காரணம், குறைவாகப் போடுவதுதான். முதல் வருடம் மாதம் ஒருமுறை பூசினேன். பை தொளதொளவென்று, கைப்பிடி பிசுக்காக ஆனது. இப்போது வருடத்துக்கு இரண்டு முறை, பங்குனியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று. அதுவும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்து, தோல் உடனே உறிஞ்சினால் மட்டும்.

சரி, சிவப்புப் பை. "ஒரிஜினல் லெதர், இரண்டு முறைதான் பயன்படுத்தியது" என்று விற்பவர் எழுதியிருந்தார். வெளிப்பக்கம் தோல்தான், பொய்யில்லை. உள்பக்கப் பாக்கெட்டில் கை விட்டால் அல்வாவுக்குள் விட்டது போல ஒட்டியது. லைனிங்கும் பாக்கெட்டும் செயற்கைப் பூச்சு. அந்தப் பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தானாகவே சிதையும். பீரோவில் சும்மா வைத்திருந்தாலும் சிதையும். இதற்கு மருந்து கிடையாது. ஸ்பிரிட்டில் துடைத்தேன், பவுடர் போட்டேன், ஒரு வாரத்தில் மறுபடி ஒட்டியது. கடைசியில் பெரியமேட்டில் பை தைக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பழைய லைனிங்கைக் கிழித்தெடுத்து, என்னிடமிருந்த கைத்தறி ரவிக்கைத் துணியை வைத்துத் தைத்துக் கொடுத்தார். பையை வாங்கிய விலையில் பாதி அதற்குப் போனது. இப்போது பழைய பை எதைப் பார்த்தாலும் முதலில் உள்பாக்கெட்டில்தான் கை விடுகிறேன்.

மூலைகள் வெளுத்திருந்ததால் அதற்கு அக்ரிலிக் தோல் வண்ணமும் அடித்தேன். முதல் முறை எட்டு மாதத்தில் மடிப்பில் பாளம் பாளமாக வெடித்தது. தவறு என்னுடையது, பழைய மெழுகை எடுக்காமல் மேலேயே அடித்துவிட்டேன். இரண்டாம் முறை அசிட்டோனைப் பஞ்சில் மிகக் கொஞ்சமாகத் தொட்டுத் துடைத்து, தண்ணீர் போல மெல்லியதாக ஐந்து பூச்சு. இரண்டரை வருடம் ஆகிறது, மூலையில் மட்டும் லேசாகத் தேய்ந்திருக்கிறது.

இதற்கெல்லாம் மேலே வந்தது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, கரண்ட் நாலு நாள் இல்லை. பைகள் அப்போது பீரோவின் கீழ்த்தட்டில், கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. தண்ணீர் தொடவில்லை, ஈரக்காற்றே போதுமானதாக இருந்தது. திறந்து பார்த்தபோது மூன்றிலும் பச்சையும் வெள்ளையுமாக மயிர் முளைத்தாற்போல் பூஞ்சை. இம்முறை ஹேர் டிரையர் சோதனை தேவைப்படவில்லை.

முகக்கவசம் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் வைத்து பிரஷால் தட்டினேன், வீட்டுக்குள் தட்டினால் வித்து துணிகளுக்குப் பரவும். ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தேன். சிவப்பில் மட்டும் நிறம் கொஞ்சம் துணியோடு வந்தது, அதை உள்பக்கம் முதலில் சோதித்திருக்க வேண்டும். நிழலில் இரண்டு நாள். வாடை போக அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து உள்ளே ஒரு வாரம் போட்டேன். காபித்தூள் போடச் சொல்லும் யோசனை வேண்டாம், பழைய வாடை போகாது, டிகாஷன் வாடை கூடுதலாகச் சேரும்.

அதில் இருந்து பைகள் மேல்தட்டுக்குப் போயின. உறை இப்போது பழைய தலையணை உறை. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போகிறேன். தினம் வெளிக்காற்று படும் பையில் பூஞ்சை வந்ததே இல்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறேன், ஆனால் சென்னை ஈரத்துக்கு அது சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம்தான். அந்துருண்டை போடுவதில்லை, தோலில் ஏறிய அந்த வாடை இறங்கவே இறங்காது.

இன்றைய நிலவரம்: ஹைடிசைன் தினமும் ஆபீஸ் வருகிறது, டிஃபன் பாக்ஸோடு சேர்த்து. சிவப்பு கல்யாண வீடுகளுக்கு மட்டும். கோச்சின் தோல் இன்னும் இருபது வருடம் வரும் போலிருக்கிறது, ஆனால் வார் பக்கிளில் மடியும் இடத்தில் மெல்லிய விரிசல் ஒன்று தெரிகிறது. கண்டிஷனரை வைத்து மூடி மறைக்கப் பார்த்தேன், கேட்கவில்லை. மெழுகு நூலும் ஒட்டுத் தோலும் வைத்து உள்பக்கம் தைத்தால் நிற்கும் என்கிறார் பெரியமேட்டுக்காரர். மழை பிடிப்பதற்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.