குறைந்த வாயு ஓட்டத்தில் செவோவா, டெஸ்ஸா, ஐசோவா? சிறுநீரகத்தை வைத்து ஓர் அலசல்

மயக்க இயந்திரத்தில் புதிய வாயுவின் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டரை நிமிடத்துக்கு 1 லிட்டருக்கும் கீழே இறக்கினால் (லோ ஃப்ளோ) மயக்க வாயு நன்றாக மிச்சமாகும். வெளியே போய்க் காற்றில் கலப்பதும் குறையும். ஐசோஃப்ளூரேன் (ஐசோ), டெஸ்ஃப்ளூரேன் (டெஸ்) என்ற மயக்க வாயுக்கள் என்றால் யாரும் தயங்குவதில்லை. செவோஃப்ளூரேன் (செவோ) என்றால் மட்டும் பல மயக்க மருத்துவர்களின் கைகள் 2 லிட்டரிலேயே நின்றுவிடுகின்றன. காரணம், சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்ற பயம். அதில் இரண்டு தனித்தனிப் பயங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, இந்த வாயுக்கள் உடலில் சிதையும்போது வெளிவரும் ஃப்ளோரைடு. 1960களில் மெத்தாக்ஸிஃப்ளூரேன் என்ற பழைய மயக்க வாயு கொடுக்கப்பட்ட சிலருக்குச் சிறுநீர் கட்டுக்கடங்காமல் போய், சிறுநீரகம் செயலிழந்தது. இரத்தத்தில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 50 மைக்ரோமோலைத் தாண்டினால் ஆபத்து என்ற அளவுகோல் அதிலிருந்துதான் வந்தது. உடலில் சிதைவது டெஸ்ஃப்ளூரேனில் சுமார் 0.02 சதவீதம், ஐசோஃப்ளூரேனில் 0.2, செவோஃப்ளூரேனில் 2 முதல் 5. கணக்குப்படி செவோதான் மோசம். ஆனால் செவோவில் 50ஐத் தாண்டியவர்களுக்கும் சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. மெத்தாக்ஸிஃப்ளூரேன் சிறுநீரகத்துக்குள்ளேயே அதிகம் சிதையும், கொழுப்பில் தங்கி நெடுநேரம் கசியும். செவோ சீக்கிரம் வெளியேறிவிடும். அதோடு, இந்தச் சிதைவு உடலுக்குள் நடப்பது. ஒரே ஆழத்தில் மயக்கம் கொடுக்கும்போது ஓட்டம் அரை லிட்டரானாலும் ஆறு லிட்டரானாலும் அது மாறாது. எனவே லோ ஃப்ளோ பேச்சில் ஃப்ளோரைடுக்கு இடமே இல்லை.

இரண்டாவது, காம்பவுண்ட் ஏ. இது செவோவுக்கு மட்டும் உரியது. நோயாளி வெளிவிடும் கார்பன் டைஆக்சைடை உறிஞ்சும் சோடா லைமில் உள்ள வலுவான காரங்களோடு செவோ வினைபுரிந்து உருவாவது. ஓட்டம் குறையக் குறைய இதன் செறிவு கூடும்; 1 லிட்டரில் பொதுவாக 20, 30 பிபிஎம் வரை போகும். எலிகளின் சிறுநீரகக் குழாய்களை இது கெடுத்தது உண்மை. ஆனால் இதை நச்சாக மாற்றும் பீட்டா லையேஸ் நொதி, எலியின் சிறுநீரகத்தில் நம்முடையதைவிடப் பல மடங்கு வேலை செய்கிறது. 1990களில் தன்னார்வலர்களுக்கு எட்டு மணி நேரம் செவோ கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவில் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் கொஞ்ச நாள் தென்பட்டன, இன்னொரு குழுவில் அப்படி இல்லை. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் இரண்டிலும் ஏறவில்லை. ஏற்கெனவே சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களிடம் லோ ஃப்ளோ செவோவையும் ஐசோவையும் ஒப்பிட்டபோதும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் 1997இல் மருந்துக் குறிப்பில் ஏறிய வரம்பு (1 லிட்டர் என்றால் 2 மேக்-மணி வரை, அதாவது மயக்க ஆழத்தின் அலகான 1 மேக்கில் இரண்டு மணி நேரம்; 1 லிட்டருக்கும் கீழே வேண்டாம்) உலகம் முழுக்க மனதில் பதிந்துபோனது.

என்னைக் கேட்டால், ஒப்பிட வேண்டியது வாயுக்களைவிட, உறிஞ்சி நிரப்பிய கேனிஸ்டர்களைத்தான். பொட்டாசியம், சோடியம் ஹைட்ராக்சைடு இல்லாத கால்சியம் ஹைட்ராக்சைடு உறிஞ்சிகளில் காம்பவுண்ட் ஏ கிட்டத்தட்ட உருவாவதே இல்லை. செவோ மீதுள்ள பயத்தின் அடிப்படையே அங்கே போய்விடுகிறது. வலுவான காரமுள்ள பழைய வகை உறிஞ்சி காய்ந்துபோய்க் கிடந்தால், கார்பன் மோனாக்சைடை அதிகம் உண்டாக்குவது டெஸ்ஃப்ளூரேன்தான். சிறுநீரகத்துக்கு நல்லது என்று டெஸ்ஸுக்கு மாறுபவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

டெஸ்ஸின் இன்னொரு விலை, சூழலுக்கு. நூறாண்டுக் கணக்கில் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டைஆக்சைடைவிட அது சுமார் 2,500 மடங்கு. மருத்துவக் கட்டாயம் இல்லாமல் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி 1 முதல் தடை. சிறுநீரகத்தைக் காரணம் காட்டி அதைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஐசோ சிறுநீரக விஷயத்தில் சுத்தம், விலையும் குறைவு. நீண்ட அறுவைக்குப் பின் எழுவது தாமதமாகும், அவ்வளவுதான். சீக்கிரம் எழ வேண்டிய நோயாளி என்றால் வலுவான காரமில்லாத உறிஞ்சியைப் போட்டு, செவோவை அரை லிட்டரில் ஓட்டுவேன். அப்புறம் என் கண் இரத்த அழுத்தத்திலும், இழந்த இரத்தத்திலும், வலிக்கு யாராவது எழுதியிருக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபினாக்கிலும் இருக்கும். அறுவைக்குப் பின் கிரியேட்டினின் ஏறினால் முதலில் தேட வேண்டிய இடங்கள் இந்த மூன்றும்தான்.