பென்னலாங், பரமட்டா: சிட்னியின் இரு புறநகர்த் தொகுதிகள்

ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பரமட்டாவுக்கு வயது அதிகம். 1901இல் முதல் தேர்தலுக்கே வரையப்பட்டது. 1913இல் பிரதமரான ஜோசப் குக் இருபது ஆண்டுகள் அதன் உறுப்பினர். பென்னலாங் 1949இல்தான் வந்தது.

இரண்டும் லிபரல் கட்சியிடமிருந்து லேபர் கட்சிக்குத் திசை மாறிய விதம் வேறு. பரமட்டாவை மாற்றியது எல்லைக்கோடு. 1977 எல்லை மறுவரையறையில் லிபரல் ஆதரவுள்ள கிழக்குப் பகுதி டண்டாஸ் என்ற புதுத் தொகுதிக்குப் போனது. உறுப்பினர் பிலிப் ருடாக்கும் அங்கேயே நகர்ந்தார். மேற்கே தள்ளப்பட்ட பரமட்டா லேபர் கைக்கு வந்தது. தமிழர்கள் கணிசமாக வாழும் வென்ட்வொர்த்வில் இந்தப் பக்கம்தான்.

பென்னலாங்கில் கோட்டோடு குடியிருப்போரும் மாறினர். ஈஸ்ட்வுட், எப்பிங் பகுதிகளில் சீன, கொரியக் குடும்பங்கள் பெருகின. 1974 முதல் அங்கே வென்றுவந்த லிபரல் பிரதமர் ஜான் ஹோவர்ட் 2007இல் லேபரின் மேக்சின் மெக்கியூவிடம் தோற்றார். பதவியிலிருந்தபடி தொகுதியை இழந்த பிரதமர் அவருக்கு முன் ஒருவரே: 1929இல் ஸ்டான்லி புரூஸ்.

பழைய முடிவுகளை ஒப்பிடுவோர் சறுக்குவது ஒரே இடத்தில்: பெயர் அதேதான், நிலம் வேறு. முந்தைய வாக்குகளைப் புதிய எல்லைக்குள் வாக்குச்சாவடி வாரியாகக் கூட்டி, அனுமான வித்தியாசத்தை (புதிய எல்லையில் யார் எவ்வளவு முன்னிலையில் இருந்திருப்பார் என்பதை) கணக்கிட்ட பிறகே ஊசலை, அதாவது கட்சிகளுக்கிடையே வாக்கு நகர்ந்த அளவை, பாருங்கள். பென்னலாங்கில் 2022இல் லேபரின் ஜெரோம் லக்சால் வென்றார். 2024 மறுவரையறை அதைக் கணக்களவில் லிபரல் தொகுதியாக்கியது. 2025இல் அவரே மீண்டும் வென்றார். நேரடியாக ஒப்பிட்டால் அந்த ஊசலின் ஒரு பகுதி கண்ணில் படாது.