சுவருக்குள் செய்த குழாய்ப் பழுதுபார்ப்பு: சில ஆண்டுகளுக்குப் பின் என் மதிப்பீடு

குளியலறைச் சுவருக்குள் புதைந்திருக்கும் கன்சீல்ட் குழாயில் செய்யப்பட்ட பழுதுபார்ப்பு நல்லதா கெட்டதா என்பது வேலை முடிந்த அன்று யாருக்கும் தெரியாது. டைல்ஸ் ஒட்டி, இடைவெளியை வெள்ளைச் சிமென்ட்டால் அடைத்துவிட்டால் எல்லா வேலையும் ஒன்றுபோலத்தான் தோன்றும். சென்னையின் தென்புறநகரில் உள்ள எங்கள் தனிவீட்டில் ஒரே இடத்தில் இருமுறை இந்த வேலை நடந்தது. முதல் வேலை சில மாதங்களில் தோற்றது. இரண்டாவது சில ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது.

கீசரிலிருந்து மிக்சருக்கு (வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் குழாய்க்கு) செல்லும் வெந்நீர்க் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, கைப்பேசிச் செயலி வழியாகப் பதிவு செய்து ஒரு சேவை நிறுவனத்தின் ஆட்களை வரவழைத்தோம். சுவரை உடைத்து, கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, புதுத் துண்டைப் பசை போட்டுப் பொருத்தி, அன்றைக்கே பூசி முடித்துவிட்டுச் சென்றார்கள். ரசீதில் "பைப் லீக்கேஜ் வேலை" என்ற ஒரே வரிதான் இருந்தது. எந்தக் குழாய், என்ன பொருள், எத்தனை இணைப்பு என எதுவும் இல்லை. உத்தரவாதம் 30 நாள்.

இந்த 30 நாள் உத்தரவாதத்தைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இணைப்பில் ஊறும் நீர் செங்கல்லையும் பூச்சையும் நனைத்து, அடுத்த அறையின் சுவரில் உப்புப் பூத்து, பெயின்ட் கொப்புளமாக எழும்பி நம் கண்ணுக்குத் தெரிவதற்குள் பெரும்பாலும் அந்தக் காலக்கெடு கடந்துவிடும். வெளியே தெரியும் குழாய்க்குப் பொருந்தும் கெடுவைப் புதைந்த குழாய்க்கும் வைப்பது நியாயமே அல்ல.

எங்கள் படுக்கையறைச் சுவரிலும் அப்படித்தான் ஓதம் ஏறியது. மீண்டும் வந்து பார்த்த நிறுவனத்தார், மழைநீர் இறங்குகிறது என்றும் வெளிச்சுவருக்கு நீர்க்காப்புப் பூச்சு அடிக்க வேண்டும் என்றும் கூறி, அதற்கும் ஒரு தொகையைச் சொன்னார்கள். அப்போது கத்திரி வெயில் காலம். பல வாரங்களாக ஒரு துளி மழை இல்லை. எனவே காரணத்தை நாங்களே சோதித்தோம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தபோது காலையில் மட்டம் இறங்கியிருந்தது. கீசருக்குள் நீர் செல்லும் ஆங்கிள் காக் என்ற அடைப்பு வால்வை மட்டும் மூடி வைத்த இரவில் இறங்கவில்லை. கழிவுநீர்ப் பாதையில் கசிவு என்றால் குளிக்கும்போது மட்டும்தான் சுவரில் நீர் கசியும். யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் தொட்டி குறைகிறது என்றால் கோளாறு அழுத்தத்தில் இருக்கும் குழாயில்தான். இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

பின்னர் எங்கள் தெருவில் நெடுங்காலமாக வேலை செய்யும் பிளம்பர் ஒருவரை அழைத்தோம். சுவரைத் திறந்து பார்த்ததும், "சுடுதண்ணி லைன்ல யுபிவிசி எல்போ போட்டிருக்காங்க சார், இது எப்படி நிக்கும்?" என்றார். எல்போ என்பது குழாய் திரும்பும் இடத்தில் போடும் வளைவு இணைப்பு. யுபிவிசி என்ற பிளாஸ்டிக் வகை குளிர்நீருக்கானது, வெந்நீர் ஓடும் இடத்தில் அது நாளடைவில் இளகி நெகிழும். ஐஎஸ் 15778 தரக்குறியீடு கொண்ட சிபிவிசி (சூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் வகை) குழாயும் அதற்குரிய இணைப்புகளும்தான் வெந்நீருக்கு ஏற்றவை; இரண்டுக்கும் பசையும் வெவ்வேறு. போதாக்குறைக்கு, குழாயின் அறுத்த விளிம்பில் பிசிறு கூட நீக்கப்படவில்லை.

அவருடைய வேலையில் நான் மிகவும் மதித்தது அவசரமின்மை. மிக்சர் இணையும் இடத்தில் பித்தளை மரை கொண்ட எல்போவைப் பொருத்தினார். பசை இறுக ஒரு நாள் முழுவதும் விட்டார். அதன் பிறகு முனைகளை டம்மி போட்டு அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார். தொட்டியிலிருந்து 10 மீட்டர் கீழே இருக்கும் குழாயில் இயல்பாக ஏறத்தாழ 1 பார் அழுத்தம்தான் இருக்கும் என்பதால், அதைவிடப் பன்மடங்கு அழுத்தத்தை ஏற்றி, அளவியின் முள் அசையாமல் நிற்பதை எங்களிடம் காட்டிய பிறகே கொத்தனாரைப் பூச அனுமதித்தார். பூசுவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்யாத எந்தப் புதைகுழாய் வேலைக்கும் முழுப்பணம் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பழைய எல்போவையும், தேதியுடன் கூடிய படங்களையும் வைத்துக்கொண்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பினோம். மறுமொழி வராததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம். அதன் பின்னர் கூலியில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். முழுத்தொகைக்காக வழக்குத் தொடுக்கவும் வழி உண்டு: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. என்ன பொருள் போடப்பட்டது என்பதை ரசீதில் எழுதி வாங்குவது அங்கேதான் பயன்படும்.

இன்று அந்தச் சுவர் காய்ந்து, புதுப் பெயின்ட்டுடன் நன்றாக இருக்கிறது. நன்கு உலரும்வரை சில மாதங்கள் காத்திருந்துதான் வண்ணம் பூசினோம். எங்கள் போர்வெல் நீரின் உப்பால் ஆங்கிள் காக்கை ஒருமுறை மாற்ற நேர்ந்தது. அது வெளியே உள்ள பொருள், எளிதில் முடிந்தது. உடைத்த இடத்துக்குப் பழைய டைல்ஸ் கிடைக்காததால் ஒரு வரிசை மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது. பூசும் முன் அளவுநாடாவை வைத்துக் குழாய்ப் பாதையைப் படம் எடுத்திருந்தோம். அண்மையில் கண்ணாடி மாட்டத் துளையிட வேண்டியிருந்தபோது, வந்தவரிடம் அந்தப் படத்தைக் காட்டித்தான் இடத்தைக் குறித்துக் கொடுத்தோம்.