விற்பதற்கு 14 கிலோமீட்டர் முன்பு அழிக்கப்பட்ட எரர் கோடு: பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கி, விற்றவரிடம் ஒரு முறையும், அதைச் சரிசெய்து தருவதாகச் சொன்ன பட்டறையில் இன்னொரு முறையும் ஏமாந்திருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இப்போது பழைய கார் தேடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

என் மனைவிக்கு இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அதனால்தான் ஆட்டோமேட்டிக் கார் தேடினோம். சென்ற ஆவணியில், பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் 2009 மாடல் கார் ஒன்றைக் காட்டினார். நான்கு கியர் ஆட்டோமேட்டிக். மீட்டரில் 38,412 கிலோமீட்டர் ஓடியிருந்தது. "பெரிய வீட்டு வண்டிண்ணே. வீடு வருசத்துல பாதி நாள் பூட்டித்தான் கெடக்கும். ஆச்சி ஊருக்கு வந்தா கோயிலுக்குப் போக மட்டும்தான் எடுத்தாக" என்றார். நம் பக்கத்தில் இந்தச் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு, அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால், ஆள் இல்லாத வீட்டின் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும் காருக்குள் எலி குடிபுகும் என்பதையும், எலிக்கு வயரின் மேலுறை என்றால் எவ்வளவு பிடிக்கும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. 2,35,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒப்பந்தத் தாளில் மீட்டர் அளவையும் எழுதச் சொன்னேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான்.

பதினோராவது நாள், குன்றக்குடியிலிருந்து திரும்பும் வழியில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. மீட்டரில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. அதன் பிறகு கியர் மாறவே இல்லை. நின்று கிளம்பும்போதெல்லாம் மூன்றாவது கியரில் கிளம்புவதைப் போல இழுவையின்றித் திணறியது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து மீண்டும் போட்டதும் நான்கைந்து கிலோமீட்டர் ஒழுங்காக ஓடியது. பிறகு மறுபடியும் அதே குலுங்கல்.

அன்றிரவே என் அக்கா மகன், டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் தன்னுடைய சிறிய புளூடூத் கருவியைச் செருகிக் கைப்பேசியில் பார்த்தான். பி0700 என்ற எரர் கோடு, அதாவது காரின் கணினி பதிந்துவைக்கும் குறைக் குறியீடு, வந்தது. அதைவிட முக்கியமான இன்னொரு வரியையும் அவன் படம் எடுத்து வைத்தான்: எரர் கோடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு வண்டி ஓடிய தூரம், 212 கிலோமீட்டர். மீட்டரில் அப்போது 38,610 இருந்தது. நான் ஓட்டியது 198 கிலோமீட்டர் என்றால், மீதி 14 கிலோமீட்டருக்கு முன்னால், அதாவது வண்டி என் கைக்கு வருவதற்குச் சற்று முன்னால், யாரோ அதன் நினைவகத்தைத் துடைத்திருக்கிறார்கள். கேட்டபோது, பேட்டரி மாற்றினோம், அதனால் அழிந்திருக்கும் என்றார் விற்றவர். பேட்டரியைக் கழற்றினாலும் அந்தக் கணக்குப் பூஜ்ஜியமாகும் என்பது உண்மைதான். ஆனால் வண்டியில் இருந்த பேட்டரியின் வாரண்டி அட்டையில் ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய தேதி இருந்தது. அதைக் காட்டியதும் பேச்சை மாற்றிவிட்டார்.

அடுத்து நான் போன பட்டறையில், ஸ்கேனரைச் செருகிய இரண்டாவது நிமிடத்திலேயே, கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பார்க்க வேண்டும், 90,000 வரை ஆகும் என்றார்கள். நான் தயங்கவே, முதலில் சொலினாய்டை (கியர் மாற்ற ஆயிலின் வழியைத் திறந்து மூடும் மின்வால்வை) மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்லி 18,500 வாங்கினார்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டேன், தரவில்லை. எரர் கோடுகளை எழுதித் தரச் சொன்னேன். "உங்களுக்குச் சொன்னாப் புரியாது சார்" என்றார்கள். மூன்று நாளில் பழைய கோளாறு திரும்பியது.

பி0700 என்பது கியர்பாக்ஸ் பழுது என்று பொருள்படும் எரர் கோடு அல்ல. கியர்பாக்ஸுக்கென்று டிசிஎம் எனப்படும் தனிக் கணினி இருக்கும் கார்களில், அந்தக் கணினி தன்னிடம் ஒரு குறை பதிவாகியிருப்பதாக என்ஜின் கணினிக்குச் சொல்லி விளக்கை எரியவைக்கும் தகவல் மட்டுமே அது. என்ன குறை என்பது டிசிஎம்முக்குள் இருக்கும்; என்ஜின் பகுதியை மட்டும் படிக்கும் மலிவான கருவிகளால் பல கார்களில் அதற்குள் போக முடியாது. தந்தி வந்திருக்கிறது என்ற செய்தியை மட்டும் கேட்டுவிட்டு, பிரித்துப் படிக்காமலேயே சாவு என்று முடிவுகட்டுவதைப் போன்ற வேலையைத்தான் அந்தப் பட்டறை செய்தது. இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம்.

தேவகோட்டையில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்பே, அணைத்துப் போட்டால் சரியாகிறதா என்றுதான் கேட்டார். ஆமாம் என்றதும், கியர்பாக்ஸுக்குள் தேய்ந்துபோன கிளட்ச் தட்டு சாவியைத் திருப்பினால் குணமாகாது, இது பெரும்பாலும் கரண்ட் சம்பந்தப்பட்டது என்றார். என்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் ஆயிலின் அளவுக்கம்பியை உருவி வெள்ளைத் தாளில் ஒற்றிக் காட்டினார். நிறம் சிவப்பாகவே இருந்தது, கருகிய வாடை இல்லை. உள்ளே தட்டுகள் எரிந்திருந்தால் ஆயில் பழுப்பாகி நாறும் என்றார். பிறகு பேட்டரியை அளந்தார்: நின்றபடி 12.6 வோல்ட், ஓடும்போது 14.1. இந்த அளவு குறைந்தால், நல்ல கணினியும் இல்லாத குறையைச் சொல்லுமாம்.

டிசிஎம்மைப் படிக்கும் ஸ்கேனரில் பி0720 வந்தது. கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் தண்டின் வேகத்தைச் சொல்லும் சென்சாரின் சர்க்யூட்டில் குறை என்பது அதன் பொருள். அந்த வேகம் தெரியாமல் எப்போது கியர் மாற்றுவது என்று கணினிக்குத் தெரியாது. ஆகவே பாதுகாப்புக்காகச் சொலினாய்டுகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. மின்சாரம் இல்லாதபோது ஆயில் அழுத்தத்தால் மட்டும் வண்டி கியர் மாறாமல் ஒரே கியரில் ஓடும். பல நான்கு கியர் வண்டிகளில் அது மூன்றாவது கியர்.

இங்கேயும் அவர் உடனே சென்சாரை மாற்றவில்லை. சென்சாரின் கனெக்டரில் மின்சாரம் அளக்கும் மீட்டரை வைத்தார். அளவு சரியாக இருந்தது. அதே இரண்டு வயர்களை டிசிஎம் முனையில் அளந்தபோது எண் குதித்தது. என்னை மீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வயர்க்கட்டை விரலால் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே வந்தார். பேட்டரித் தட்டின் அடியில் கை போனதும் எண் மறைந்தது. டேப்பைப் பிரித்தால், ஒரு விரல்கடை நீளத்துக்கு மேலுறை கொறிக்கப்பட்டிருந்தது. செம்பு பச்சை பூத்து, இரண்டு மூன்று இழைகளில்தான் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எலிப் புழுக்கை. புது வயர் சேர்த்து, ஈயம் வைத்து, உறை போட்டு 1,800 ரூபாய் வாங்கினார். ஐந்து மாதமாகக் கோளாறு வரவில்லை.

ஆகவே இது போன்ற வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள், விலை பேசுவதற்கு முன்பே டிசிஎம்மையும் படிக்கும் ஸ்கேனரோடு ஒருவரை அழைத்துச் சென்று, எரர் கோடு அழித்த பிறகு ஓடிய தூரத்தை முதலில் பாருங்கள். கோடுகள் எதுவுமே இல்லை, ஆனால் அந்தத் தூரம் பத்து இருபது கிலோமீட்டர்தான் என்றால், அது சுத்தமான வண்டி என்பதற்குச் சான்றல்ல, சந்தேகத்துக்குக் காரணம். சாவியைப் போட்டு என்ஜினைக் கிளப்பாமல் இருக்கும்போது செக் என்ஜின் விளக்கு எரிந்தாக வேண்டும். எரியாவிட்டால் விளக்கையே பிடுங்கியிருக்கக்கூடும். குளிர்ந்த நிலையில் ஒரு முறையும், அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். பேட்டரித் தட்டின் அடியையும் டாஷ்போர்டுக்குக் கீழேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால், எந்த எரர் கோடு, எந்த அளவை வைத்து அந்த முடிவு என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பட்டறையிடம் ரசீதும், தேவகோட்டையில் எடுத்த படங்களும் கொண்டுபோய்க் காட்டினேன். 18,500-இல் 6,000 மட்டும் திரும்பி வந்தது. மீதிக்காக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு விற்றவரின் இடத்தைப் போன வாரம் கடந்து போனபோது, அதே மாதிரி இன்னொரு ஆட்டோமேட்டிக் கார் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. கண்ணாடியில் "ஒரே உரிமையாளர், ஓட்டம் குறைவு" என்று ஒட்டியிருந்தது.