எகான் ஷீலேயின் குழந்தை உருவப்படம்: அச்சுப்படி வாங்கலாமா?

ஆஸ்திரிய ஓவியர் எகான் ஷீலே, தம் தங்கை கெர்ட்ரூடின் மகன் அன்டன் பெஷ்காவைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பலமுறை வரைந்திருக்கிறார். அந்தப் பென்சில் படங்களுள் ஒன்றின் ஏ3 அளவு அச்சுப்படியை அண்மையில் ஓர் இணையக் கடையில் வாங்கினேன். ஷீலே 1918இலேயே இறந்துவிட்டதால் அவருடைய படைப்புகளுக்குப் பதிப்புரிமை இல்லை. யாரும் அச்சிட்டு விற்கலாம் என்பதால், ஒரே படம் கடைக்கொரு தரத்தில் கிடைக்கிறது.

கோடுகளைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. பென்சில் அழுந்திய இடமும் பட்டும்படாமல் ஓடிய இடமும் பிரித்தறியும்படி அச்சாகியுள்ளன. ஷீலே அழிப்பானைத் தொடுவதில்லை என்றும், எதிரில் இருப்பவர் அசைந்தால் பழைய கோட்டின் அருகிலேயே புதிய கோட்டை இடுவார் என்றும், வண்ணத்தைப் பிறகு நினைவிலிருந்தே சேர்ப்பார் என்றும் அவரை அறிந்த பெனெஷ் குடும்பத்தார் பதிவு செய்துள்ளனர். ஓரிடத்தில் இருக்காத குழந்தையை வரைவதற்கு இதைவிடப் பொருத்தமான முறை இருக்க முடியாது.

ஏமாற்றம் தாளில்தான். காலத்தால் பழுப்பேறிய மூலத்தாளின் நிறத்தைக் கணினியில் வெளுத்து, அலுவலகக் காகிதம்போல் ஆக்கிவிட்டார்கள். பென்சில் கரிக்கே உரிய மெல்லிய பளபளப்பும் மங்கிய கருமையாகிவிட்டது. அதைவிடப் பெரிய பிழை, ஏ3 அளவுக்குள் அடக்குவதற்காகச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டியிருப்பது. சுவரோ நாற்காலியோ இன்றி உருவத்தை வெறும் தாளில் நிறுத்துவது ஷீலேயின் வழக்கம் என்பதால், அந்த வெறுமையைக் குறைத்தால் படத்தையே குறைத்ததாகும்.

வாங்க விரும்புவோர், வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகம் தன் இணையத் தொகுப்பில் வைத்துள்ள ஷீலேயின் படங்களைப் பார்த்துத் தாளின் நிறத்தையும் ஓரங்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு, படம் வெட்டப்படாமல் அச்சிடப்படுமா என்று கடையில் கேட்டுவிடுவது நல்லது. பளபளப்பில்லாத பருத்தித் தாள் கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். கடையின் பிரேமைத் தவிர்த்துவிட்டு, கண்ணாடி தாளைத் தொடாதபடி உள்ளூரிலேயே மவுன்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் கனத்த அட்டை) வைத்துச் சட்டமிட்டுக்கொள்ளலாம். குழந்தைகள் அறையில் மாட்டுவதற்கென்று வாங்குவோர் மட்டும் சற்று யோசிக்கட்டும்: ஷீலே வரையும் குழந்தைகள் கொஞ்சுவதற்கு இசைவதில்லை, பெரியவர்களைப் போலவே நம்மை நேராக எடைபோடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. ஆகவே படத்தைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அடுத்த படத்தை அந்தக் கடையில் வாங்க மாட்டேன்.