பி.எல்.டி.சி. ஃபேன்: நான்கு கோடைக்குப் பிறகு

போன வாரம் பக்கத்துத் தெரு நண்பர் கேட்டார்: "உங்க வீட்ல நாலு வருஷமா பி.எல்.டி.சி. ஃபேன் ஓடுதே, நானும் மாத்திடவா?" பி.எல்.டி.சி. என்பது நிலைக்காந்த மோட்டாரும் அதை இயக்க உள்ளே ஒரு எலக்ட்ரானிக் போர்டும் உள்ள, கரண்ட் குறைவாக எடுக்கும் சீலிங் ஃபேன். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அம்மாவின் அறை ஃபேனில் அந்தப் போர்டு போய், 11 நாள் காத்திருந்து, அன்று காலைதான் புது போர்டு மாட்டியிருந்தோம். கோபத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மை. 2022 ஏப்ரலில் நான்கு ஃபேன்களை ஒரே நாளில் மாற்றினோம். பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கை நான் நம்பவில்லை. ஒரு ஞாயிறு மதியம் பிரிட்ஜ், வைஃபை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய ஃபேன் ஒன்றை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். எங்கள் மீட்டரில் சிவப்பு விளக்கு 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். 10 நிமிடத்தில் 40 தடவை சிமிட்டியது. கணக்குப் போட்டால் 75 வாட். புது ஃபேனுக்கு அதே 10 நிமிடத்தில் 16 தடவை, அதாவது 30 வாட். சந்தேகம் இருப்பவர்கள் யாரும் வீட்டிலேயே இப்படிப் பார்த்துக்கொள்ளலாம், எந்தக் கருவியும் வேண்டாம்.

இதன் காரணம் துடைக்கும்போது கையிலேயே தெரியும். பழைய ஃபேனை ஓடவிட்டு அணைத்ததும் நடுக் கிண்ணத்தைத் தொட்டால் சுடும். நாம் காசு கொடுத்த கரண்டில் ஒரு பங்கு அந்தச் சூடாகவே போய்விடுகிறது. புதியதில் சுழலும் பாகத்தில் நிலைக்காந்தம் இருப்பதால் அங்கே காந்தத்தை உண்டாக்கக் கரண்ட் செலவாவதில்லை. தொட்டால் லேசான வெதுவெதுப்புதான்.

கோடையில் எங்களுக்கு இரண்டு மாத ரீடிங் 570 யூனிட் வரை போகும். மாற்றிய பிறகு 460 பக்கம் நின்றது. 500 என்ற கோடு எவ்வளவு முக்கியம் என்று பில் கட்டுபவர்களுக்குத் தெரியும். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதோடு நிற்காது, கீழே இருக்கும் யூனிட்டுகளில் ஒரு பகுதியின் மானியமும் குறைந்துவிடும். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் வரை கரண்ட் நிறுத்தும் நாளில் இன்வெர்ட்டர் முன்பு பாதியிலேயே படுத்துவிடும். இப்போது கரண்ட் வரும்வரை தாங்குகிறது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினாலும் ஃபேன் வேகம் இறங்குவதில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, திருச்சி மே மாதத்தில் இதன் அருமை தனி.

அப்புறம் ரிமோட்.

ஹாலில் இரண்டு ஃபேன், இரண்டும் ஒரே கம்பெனி. ஒன்றைக் குறைத்தால் இரண்டும் குறையும். ரிமோட்டைக் கையால் மறைத்து, ஒரு ஃபேனுக்கு மட்டும் நேராக நீட்டிப் பார்த்தும் பலனில்லை. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவின் அறை விஷயம்தான் என்னால் பொறுக்க முடியாதது. அவருக்கு 74 வயது. சுவரில் ரெகுலேட்டர் இருந்தபோது, விடிகாலையில் குளிரெடுத்தால் படுத்தபடியே கையை நீட்டித் திருகிக்கொள்வார். இந்த ஃபேனுக்கு ரெகுலேட்டர் ஆகாது, போர்டைக் கெடுத்துவிடும் என்று கழற்றிவிட்டார்கள். இருட்டில் தலையணைக்கு அடியில் ரிமோட்டைத் தேட வேண்டும், கண்ணாடி இல்லாமல் பட்டன் தெரியாது. ஒரு டிசம்பர் காலையில் இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால், "உங்களை எதுக்குடா எழுப்பணும்னு இருந்துட்டேன்" என்றார். நான் மிச்சம் பிடித்த யூனிட் கணக்கெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடிபட்டுப் போனது.

இப்போது போர்டு. நான்கு வருடத்தில் இது இரண்டாவது முறை, உத்தரவாதம் முடிந்தபின் முதல் முறை. பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலக்ட்ரிக் கடையில் 60 ரூபாய்க்குக் கன்டென்சர் வாங்கி, ஸ்டூல் போட்டு நானே மாற்றிவிடுவேன். இதில் எங்கள் எலக்ட்ரீஷியன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல நான் பண்றதுக்கு ஒண்ணுமில்லண்ணே" என்று இறங்கிவிட்டார். முப்பது வருடம் இந்த ஊர் ஃபேன்களையெல்லாம் காயில் கட்டி ஓடவிட்டவர் அவர். பிறகு சர்வீஸ் எண்ணுக்கு அழைப்பு, இன்று வருகிறேன், நாளை வருகிறேன், உதிரி வரவில்லை. கடைசியில் 900 ரூபாய், வந்து போனதற்குத் தனி. மே மாதத்தில் 11 இரவு அம்மா ஹாலில் பாய் போட்டுப் படுத்தார்.

பணக் கணக்குப் பார்த்தால் புது ஃபேன்தான் ஜெயிக்கும், அதை மறைக்க மாட்டேன். வருடத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் மிச்சம், இந்தப் போர்டுச் செலவைப் போல இன்னும் சிலவற்றைத் தாங்கும்.

ஆனால் மிச்சத்தில் ஒரு ஓட்டையும் விழுந்திருக்கிறது. முன்பு அறையை விட்டு வெளியே வரும்போது கை தானாக சுவிட்சுக்குப் போகும். இப்போது "அது கரண்டே எடுக்காதுப்பா" என்கிறான் பையன், காலி அறையில் ஃபேன் சுற்றுகிறது. காலி அறையில் புது ஃபேன் இரண்டரை மணி நேரம் ஓடினால் பழைய ஃபேன் ஒரு மணி நேரம் ஓடியதற்குச் சமம். மீட்டர் முன்னால் அவனையே நிற்கவைத்து எண்ணச் சொன்னேன். அதற்குப் பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். போர்டு நம் தெருமுனைக் கடையில் கிடைக்கிற நாள் வரட்டும், சுவரில் திருகும் ரெகுலேட்டரோடு வருவது கிடைத்தால் அப்போது யோசியுங்கள்.

நேற்று பரணிலிருந்து பழைய ஃபேனை இறக்கித் துடைத்து, புதுக் கன்டென்சர் போட்டு, அம்மாவின் அறையில் மாட்டினேன். ரெகுலேட்டரும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. புது போர்டு போட்ட ஃபேன் பெட்டிக்குள் போய்விட்டது. ராத்திரி எட்டிப் பார்த்தேன், 2-இல் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.